நாலாவது பை

போன கிழமை அமினாதா தொலைபேசியில் அழைத்தாள். பாரிசில் மலையேற்ற, பனிச்சறுக்குச் சாமான் விற்கும் கடையின் நிலவறைப் பட்டறையில், நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த பிள்ளை. குரலில் அவசரம் இருந்தது.

"மிசியே சிவா, வாடகை மேசையை எடுக்கப் போகிறார்கள்."

இனிமேல் பனிமலைக்குப் போகிறவர் கைபேசியில் பதிவு செய்தால் போதுமாம். கடை வாசலில் இரும்புப் பெட்டிகள் வைப்பார்கள். ஓர் எண்ணை அழுத்தினால் பெட்டி திறக்கும், பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். தபாலில் வந்த பொதியை எடுப்பதுபோல. ஒருவரோடும் ஒரு சொல் பேசத் தேவையில்லை. கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பைக்குள் இருப்பது சப்பாத்தும் சட்டையுமா?

"இன்னொன்றும் கேட்க வேண்டும்" என்றாள். "வருகிற ஆட்களைவிட ஒரு பை கூடக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லித் தந்தீர்கள். ஐந்து பேர் வந்தாலும் அந்த மேலதிகப் பைக்கு 'நாலாவது பை' என்றுதான் இங்கே எல்லோரும் பெயர் சொல்கிறார்கள். ஏன் என்று புது முகாமையாளர் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை."

அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கதையைப் பட்டறையில் நான் யாருக்கும் சொன்னதில்லை. தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விடயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பாரிசுக்கு வந்த புதிதில் எல்லோரையும்போல நானும் உணவகத்தில் கோப்பை கழுவினேன். முதுகு மறுப்புச் சொன்னபோது தெரிந்தவர் ஒருவர் இந்தக் கடையில் சேர்த்துவிட்டார். பனிச்சறுக்குப் பலகைக்கு மெழுகு தேய்ப்பது, விளிம்பு தீட்டுவது, பிணைப்பு ஆணிகளைச் சரிபார்ப்பது என்று சில குளிர்காலங்களில் கை பழகிவிட்டது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் என்னைக் கண்டால், "அண்ணை, நீங்கள் பனியிலை சறுக்குவியளோ?" என்று பகிடி விடுவார்கள். "வீட்டு வாசலிலை சறுக்கி விழுறது போதும்" என்பேன். உண்மையும் அதுதான். முப்பது வருடம் அந்தச் சாமான்களோடு கிடந்தவன், ஒரு நாளும் பலகையில் ஏறியதில்லை.

என் முதல் அதிர்ச்சி வேறு. கடைக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர், ஒழுங்கு செய்த பாதையை விட்டு விலகி, வேலியும் காவலும் இல்லாத செங்குத்துச் சரிவில் இறங்குவதற்காகவே மலை ஏறுகிறவர்கள். பிரெஞ்சில் ‘ஓர்-பிஸ்த்’ என்பார்கள். அந்த மாதிரிச் சரிவில் பனிப்படை சில வேளை ஒரு தட்டாக உடைந்து ஆளோடு கீழே போகும். மூடப்பட்டவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் அநேகமாகக் கதை முடிந்தது. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரிலிருந்து ஓடிவந்தவன். இந்த மனிதர்கள் விடுமுறை எடுத்துக்கொண்டு உயிரைக் கையில் பிடிக்கப் போகிறார்களே என்று நினைத்தேன்.

அவர்களுக்குத்தான் அந்தப் பை. அதற்குள் பனியைத் தோண்டி அள்ள ஒரு சவள், மடித்து வைத்த நீளக் கம்பி, சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. கருவியை மேற்சட்டைக்கு உள்ளே நெஞ்சோடு வாரால் கட்டி, சுவிட்சைத் தள்ளிவிட வேண்டும். அது ஓயாமல் சமிக்ஞை அனுப்பும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அந்தச் சமிக்ஞை காட்டும் வழியே போய், கிட்டப் போனதும் கம்பியால் குத்திப் பார்த்து, சவளால் தோண்ட வேண்டும். உன் நெஞ்சில் இருப்பது மற்றவன் உன்னைக் கண்டுபிடிப்பதற்கு. அவன் நெஞ்சில் இருப்பது நீ அவனைக் கண்டுபிடிப்பதற்கு.

எங்கள் பட்டறைத் தலைவி மதாம் கொலேத். ஆல்ப்சில் சவுவா மலைப்பக்கத்துக்காரி. இளவயதில் மீட்புப் பணியில் இருந்து, முழங்கால் போன பிறகு பாரிசுக்கு இறங்கியவர். முழங்கால் போனவர் என்றுதான் பேர், நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார். மேசைக்குப் பின்னால் ஒரு முக்காலி உண்டு. அதில் மெழுகு டப்பாதான் எப்போதும் குந்தியிருக்கும், அவர் உட்கார்ந்து ஒருவரும் கண்டதில்லை.

அவரிடம் பை வாங்குவது லேசில்லை. மேல்மாடியில் விற்பனைக்குத் தொங்கும் குளிர்ச்சட்டைகளுக்குள் ஒரு கருவியை ஒளித்துவிட்டு, "கண்டுபிடியுங்கள்" என்பார். சனம் சட்டை போட்டுப் பார்க்க, இவர்கள் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு தரையோடு குனிந்து திரிவார்கள். ஒருமுறை ஒரு நெடுவல் ஆள், தான் சிறுவயது முதல் பனியில் திரிகிறவன், இதெல்லாம் எதற்கு என்று முறுக்கினார். "அப்படியா? அப்போது பனிக்கு உங்களைத் தெரிந்திருக்கும், நான் கவலைப்பட வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு மதாம் பையைத் திரும்ப அலமாரியில் வைத்தார். அந்த ஆள் மறுபேச்சில்லாமல் குனிந்து தேடத் தொடங்கினார்.

தேடி எடுத்த பிறகு வாசல் சோதனை. ஒருவர் தன் கருவியைத் தேடும் நிலையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்க, மற்றவர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அது கூவ வேண்டும். மலையிலும் தினமும் காலையில் இப்படிச் செய்யச் சொல்வார். கழற்றும்போது அணைக்க வேண்டும். சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இறங்க வேண்டும், மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். பனி அபாயத்தை மலையில் ஐந்து வரை எண் போட்டு அறிவிப்பார்கள். மதாமுக்குப் பிடிக்காத எண் மூன்று. நாலு என்றால் புத்தியுள்ளவன் வீட்டில் இருப்பான், மூன்று என்றால் நடுவில்தானே என்று நினைத்துப் போய்ச் சாவான் என்பார்.

கடைசியாக இரண்டு கேள்வி. "எத்தனை பேர் போகிறீர்கள்? வழியில் யாராவது சேர்வார்களா?" இந்த இரண்டாவது கேள்வி எனக்கு எப்போதும் சிரிப்பாக இருக்கும். இதென்ன மினிபஸ்ஸா, வழியில் ஆள் ஏற்ற? பதில் சொன்ன பிறகு வாழ்த்து எதுவும் சொல்ல மாட்டார். "திங்கட்கிழமை காண்போம்" என்பார். கட்டளைபோல இருக்கும்.

என் மகள் துளசி இங்கே பிறந்தவள். பள்ளிக்கூடம் பனிமலைக்குக் கூட்டிப்போன வயதிலேயே ஸ்நோபோர்ட் பைத்தியம் பிடித்துவிட்டது. ருவாசி விமான நிலையத்தில் வேலை கிடைத்ததும், கூட வேலை செய்த இரண்டு நண்பர்களோடு ஓர்-பிஸ்த் போகத் தொடங்கினாள். நான் கத்திப் பார்த்தேன். "பப்பா, நீங்கள்தானே எல்லாருக்கும் பை குடுக்கிறியள்?" என்று கேட்டாள்.

அந்த மாசி மாதம் மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். மதாம் கருவியை ஒளித்து வைத்தார். துளசிதான் முதலில் கண்டுபிடித்தாள். எனக்குப் பெருமையில் முகம் பூரித்துவிட்டது, மறைக்க மெழுகு டப்பாவோடு மினக்கெட்டேன். வாசல் சோதனையில் மூன்று பேருக்கும் கூவியது. எத்தனை பேர் என்று மதாம் கேட்டார். மூன்று பேர். வழியில் யாராவது சேர்வார்களா? "இல்லை" என்றாள் துளசி. அவள் சொன்ன அந்த நேரத்தில் அது சத்தியமான உண்மை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது அவர்கள் காரில் புறப்பட்டுவிட்டார்கள். என் மனைவி பவளம் சாமியறையில் விளக்கேற்றிவிட்டு வெளியே வந்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"மூண்டு பேராத்தான் வெளிக்கிட்டு நிண்டவை. மூண்டு பேராப் பயணம் போகக்கூடாது எண்டு எத்தினை தரம் சொல்லுறது! நல்ல வேளை, சுதனுக்கு லீவு. அவனையும் ஏத்தி நாலு பேராத்தான் அனுப்பினனான்."

கையில் இருந்த தேத்தண்ணியை நான் கீழே வைத்தேன்.

சுதன் பவளத்தின் அக்கா மகன். வன்னியில் போர் முடிந்தபோது பதின்ம வயது. தாய் அங்கேயே செல் குண்டு விழுந்து போய்விட்டா. பிறகு எப்படியோ இங்கே வந்து சேர்ந்து, ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தான். அதிகம் பேசாதவன். துளசி அவனை இரண்டு குளிர்காலம் மலைக்குக் கூட்டிப்போய், ஒழுங்கு செய்த பாதையில் விழாமல் இறங்குமளவுக்குப் பழக்கியிருந்தாள். ஆனால் ஓர்-பிஸ்த் அவன் கண்டதில்லை. கருவியைக் கையால் தொட்டதுமில்லை.

"விசரே உமக்கு? அவையளட்டை மூண்டு பைதான் இருக்கு!" என்றேன்.

"பைக்கு ஆளோ, ஆளுக்குப் பையோ?" என்றாள் பவளம்.

துளசிக்கு அழைத்தேன். "பப்பா, யோசிக்காதேங்கோ. தம்பி பாதையிலைதான் நிப்பான். நாங்கள் பின்னேரம் வந்து அவனோடை சேருவம்." நியாயமான பேச்சு. நானும் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் பின்னேரம் தொலைபேசி அடித்தது. சுதன்.

"சித்தப்பா, அக்கா உயிரோடை இருக்கிறா."

ஒருவன் பேச்சை இப்படித் தொடங்கினால் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும்? ஹெலிகொப்டரில் கிரெனோபிள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவன் சொன்னது பாதிதான் காதில் ஏறியது. கடைசியில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. கருவி வேலை செய்ததா? "அக்காவிட்டைக் கருவி இருக்கேலை, சித்தப்பா" என்றான்.

அன்றிரவே பவளமும் நானும் ரயில் ஏறினோம். ஆஸ்பத்திரியில் துளசிக்குக் காலில் முறிவு, தோளில் முறிவு, விலா எலும்பிலும் வெடிப்பு. முகம் வீங்கிக் கிடந்தது. ஆனால் கதைத்தாள். நடந்ததை அவள் வாயால்தான் கேட்டேன்.

காலையில் கார் நிறுத்துமிடத்தில் மூன்று பேரும் மதாம் சொன்னபடியே சோதித்திருக்கிறார்கள். சுதன் பாதையில் சறுக்கப் போய்விட்டான். மத்தியானம் பார்த்தால், அவன் கயிற்றுவண்டி நிலையத்தில் தனியாகக் குளிரில் குந்தியிருக்கிறான். "அம்மா தம்பியைத் தனிய விடாதை எண்டவ" என்றாள் துளசி. அதனால் அவனையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்தாள். நண்பர்கள் உடனே கேட்டார்கள், அவனிடம் கருவி இருக்கிறதா என்று.

"பப்பா ஒண்டு கூடத் தந்தவர் எண்டு பொய் சொன்னன்."

நிலையத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், தன் நெஞ்சில் இருந்ததைக் கழற்றி அவனுக்குக் கட்டிவிட்டாள். எங்கள் வீடுகளில் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கோப்பையில் ஒரு மீன் துண்டுதான் இருந்தால் அது தம்பிக்கு. குளிருக்கு ஒரு போர்வைதான் இருந்தால் அதுவும் தம்பிக்கு. அவள் கை தன்பாட்டில் அதைச் செய்திருக்கிறது. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அன்றைய அபாய எண் மூன்று. நண்பர்கள் இருவரும் ஒருவர்பின் ஒருவராக இறங்கிக் கீழே ஓரமாக நின்றார்கள். அடுத்து சுதன் இறங்க வேண்டும். சரிவைப் பார்த்ததும் அவன் இறங்காமல் நின்றுவிட்டான். துளசி அவனைத் தனியாக விடாமல் கூடவே இறங்கினாள். ஒருவர் இறங்க வேண்டிய சரிவில் இரண்டு பேர். நடுவழியில் பனி தட்டாக உடைந்தது. சுதனை அது ஓரத்துக்கு எறிந்துவிட்டது. துளசியைக் காணவில்லை.

கீழே நின்ற இருவரும் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு மேலே ஓடிவந்தார்கள். அது எங்கேயும் கூவவில்லை. துளசியிடம் கருவி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாதே. அங்குமிங்கும் திரிந்திருக்கிறார்கள். சுதன்தான் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "அவளிடம் இல்லை, இல்லை" என்று கத்தியிருக்கிறான். அவள் மறைந்த இடத்தை அவன் கண்ணை எடுக்காமல் பார்த்திருந்தான். அதற்கு நேர்கீழே ஒரு கையுறையின் விரல் நுனி வெளியே தெரிந்தது. அந்த இடத்தில் நண்பர்கள் கம்பியால் குத்த, மூன்றாவது குத்தில் தட்டுப்பட்டது. அவர்களில் ஒருவரின் பையிலிருந்து சுதன் சவளை உருவி எடுத்தான்.

"பேயன் மாதிரித் தோண்டினவன், பப்பா. அவங்கள் சொன்னாங்கள். எனக்கு ஒண்டும் தெரியாது."

ஆஸ்பத்திரி நடைபாதையில் சுதன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். பக்கத்தில் போய் இருந்தேன். தோண்டத் தெரியாதவர்கள் புதைந்தவருக்கு மேலே ஏறி நின்று நேரே கீழே வெட்டுவார்கள். அது ஆளையே மிதிப்பது. சரிவின் கீழ்ப்பக்கமாக நின்று உள்ளே வெட்டிப்போக வேண்டும் என்று மதாம் பலமுறை சொல்லுவார். அவன் அப்படித்தான் வெட்டியிருக்கிறான் என்று நண்பர்கள் சொன்னார்கள். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை, சித்தப்பா. பங்கர் மண் மூடினா மேலை ஏறி நிண்டு வெட்டக்கூடாது. பக்கத்தாலைதான் போகவேணும்." தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். "அப்பிடித்தான் கனபேரை எடுத்தனாங்கள். அம்மாவை எடுக்கத்தான் பிந்திப்போச்சு."

அக்கா செல் விழுந்து செத்தா என்றுதான் பவளத்துக்கும் எனக்கும் தெரியும். எங்கள் வீட்டு மேசையில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சோறு சாப்பிட்ட பிள்ளை. ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அவன் கையைப் பிடித்தேன். விரல்கள் எல்லாம் பனியில் உரிந்துபோயிருந்தன.

பவளம் நடைபாதையின் முனையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நாலாவது ஆள் இல்லாட்டி என்ரை பிள்ளையை ஆர் எடுத்திருப்பினம்?"

"நாலாவது ஆள் இல்லாட்டி அவளட்டைக் கருவி இருந்திருக்கும்" என்றேன்.

அன்றைக்குத் தொடங்கிய வழக்கு. இன்றுவரை எங்கள் வீட்டில் தீர்ப்பு வரவில்லை.

திங்கட்கிழமை பைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நண்பர்கள் துளசியோடு நின்றுவிட்டதால், சுதன்தான் மூன்று பையையும் சுமந்துகொண்டு என்னோடு பட்டறைக்கு வந்தான். நான் நடந்ததைத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். மதாம் கொலேத் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு வழக்கம்போல, "சோதிப்போம்" என்றார்.

திரும்பி வருகிற கருவியைச் சோதிப்பது என் வேலை. ஒவ்வொரு வாடகைக்கும் புது மின்கலம் போட்டு அனுப்புவோம். திரும்பி வந்ததும் சுவிட்சைத் தள்ளினால், மின்கலத்தில் நூற்றுக்கு எத்தனை வீதம் மிச்சம் என்று திரையில் காட்டும். முதலாவதைத் தள்ளினேன். குறைந்திருந்தது. நாள் முழுக்க வேலை செய்து, தேடவும் தேடிய கருவி அப்படித்தான் காட்டும். இரண்டாவதும் அப்படியே. காலையில் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது என்றால்தான் எண் நூறிலிருந்து அசையாது. மூன்றாவது, துளசி சுதனுக்குக் கட்டிவிட்டது.

நூறு காட்டியது.

அணைத்துவிட்டு மறுபடி தள்ளினேன். நூறு. சுதனைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டேன்.

"தம்பி, இதின்ரை சுவிட்சைத் தள்ளினனியோ?"

"சுவிட்சோ? அக்கா கட்டிவிட்டவ. கட்டினா வேலை செய்யும் எண்டு நினைச்சன்."

துளசி கழற்றும்போது, இந்தக் கடையில் பழக்கியபடியே அணைத்திருக்கிறாள். அவன் போடுவான் என்று அவள் நினைத்தாள். அவள் போட்டுவிட்டாள் என்று அவன் நினைத்தான். தன் உயிரைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தாள், அது அவனுக்கும் போய்ச் சேரவில்லை. பனி அவனை ஓரத்துக்கு எறியாமல் மூடியிருந்தால், ஒரு கருவியும் அவனுக்காகவும் கூவியிருக்காது. இரண்டு பிள்ளைகளும் அந்தச் சரிவில் இல்லாதவர்களாகத்தான் இறங்கியிருக்கிறார்கள்.

சுதன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப சித்தப்பா, நாலு பேர் போனம். மலைக்குத் தெரிஞ்சது ரெண்டு பேரைத்தான்."

அவன் என்ன சொல்கிறான் என்று மதாம் கேட்டார். பிரெஞ்சில் சொன்னேன். துளசி நண்பர்களிடம் சொன்ன பொய்யையும் அப்போதுதான் அவருக்குச் சொன்னேன், அப்பா ஒன்று கூடத் தந்துவிட்டார் என்று அவள் சொன்னதை. மதாம் முக்காலியிலிருந்து மெழுகு டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தார். உட்கார்ந்தார். சுதனின் உரிந்த விரல்களைப் பார்த்தார். நானும் அவனும் நின்றுகொண்டிருந்தோம்.

பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு வெறும் பையை எடுத்தார். சவளை வைத்தார், கம்பியை வைத்தார். கருவிக்குப் புது மின்கலம் போடும்படி என்னிடம் நீட்டினார். யார் வாடகைக்குக் கேட்டது என்று நான் கேட்டேன்.

"ஒருவரும் கேட்கவில்லை" என்றார். "உங்கள் மகள் சொன்னது இனிமேல் பொய்யாக இருக்கக் கூடாது."